கடைசி இடி 4.20

எங்கள் அப்பா சவரிமுத்துவைக் குதூகலபுரிப் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், டீச்சர். மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். ராட்சத ராட்டினத்தின் அடியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவைத்தார்கள். ஒரு சுற்றுகூடச் சுற்றவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் புகார் மனுவிலும் முதல் பத்தி இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

மன்னிக்கணும், நீங்கள் டீச்சர்தானே? பையிலிருந்து விடைத்தாள் கட்டு எட்டிப் பார்க்கிறது, அதை வைத்துச் சொன்னேன். உங்கள் மடியில் அவர்களுடைய நோட்டீஸ் மட்டும் இல்லாவிட்டால் நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போகிறீர்களா? முதலில் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்றா? நல்லது. அப்படியானால் இதையும் கேட்டுவிட்டுப் போங்கள். வையம்பட்டி தாண்டித்தான் அந்த நிறுத்தம். இந்த பஸ் போகிற வேகத்துக்கு அரைமணி நேரம் இருக்கிறது. நான் எங்கே இறங்குகிறேன் என்பது இருக்கட்டும், கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. திருச்சியில் எம்.ஏ. இரண்டாம் வருஷம், பொது நிர்வாகம். பட்டிமன்றத்தில் மூன்று வருஷமாக எங்கள் அணிக்கு நான்தான் தலைவி. பெருமைக்குச் சொல்லவில்லை. விஷயம் தெரியாமல் கத்துகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு டவர் வேலை. செல்போன் டவர் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, அதில் ஏறுகிறவர்களில் ஒருவர். ஒப்பந்தக்காரரிடம் வேலை. டவர் உச்சியில் முரசு மாதிரி வட்டமாக ஒரு தட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு டவர் இன்னொரு டவரோடு பேசுவது அந்தத் தட்டு வழியாகத்தான். காற்றில் அது ஒரு விரற்கடை திரும்பினாலும் போச்சு. ஏறிப்போய் நேராக்கி, நட்டை முடுக்கிவிட்டு இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறார். வயது நாற்பத்தொன்பது. இடது முழங்கால் இப்போதெல்லாம் படி ஏறினாலே சத்தம் போடுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா டவர் ஏறுகிற நாளில் அம்மா அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல், போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். போன் வரும். அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "இறங்கிட்டேன்." அம்மா "ம்" என்பார். வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் உலை வைப்பது. மத்தியானச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிட்ட நாளெல்லாம் உண்டு. அடுப்புக்கும் டவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். எங்கள் வீட்டில் வாதம் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா பெயர் ஆரோக்கியம். அவருக்கு ஒரே ஒரு ஆசை. "அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா எப்படிங்க இருக்கும்?" என்று அப்பாவிடம் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாராம். அப்பாவுக்கு விவரிக்க வராது. "நல்லாத்தான் இருக்கும்" என்பார். "நல்லான்னா?" "எல்லாம் சின்னதா, சத்தமே இல்லாம இருக்கும், ஆரோக்கியம்." அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும். போன ஆகஸ்டில் ஒருநாள் அவராகவே சொன்னார்: "குதூகலபுரியில நம்ம டவர் பாதி ஒசரத்துக்கு ஒரு ராட்டினம் போட்டிருக்கான். உன்னைய அதுல உக்கார வச்சுக் காட்டிர்றேன். நானும் ஒருவாட்டி மேல போயி, கையில எதையும் புடிக்காம உக்காந்து பாக்கணும்."

கேட்டீர்களா? மனிதர் கேட்டது அவ்வளவுதான். கையில் எதையும் பிடிக்காமல் ஒரு சுற்று.

லீவு கிடைப்பதுதான் பெரும்பாடு. கோபிநாத் அண்ணன்தான் அப்பாவின் சூப்பர்வைசர். நல்ல மனிதர், அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பாவை "அண்ணே, அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். "வானம் தெளிவா இருக்குண்ணே, ஒருநாள் போய்ட்டு வாங்க. ஆனா போனை மட்டும் ஆன்லயே வச்சிருங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டார்.

காலை பத்தரைக்கெல்லாம் போய்விட்டோம். வாசலில் மூன்று பேருக்கும் பச்சைப் பட்டை கட்டினார்கள். அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: "அனைத்து விளையாட்டுகளும்." அனைத்து! இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மனுவில் இதைத்தான் அடிக்கோடு போட்டிருந்தேன். வானம் பளிச்சென்று இருந்தது. ராட்டினத்தில் கூட்டமே இல்லை. அப்பா நேராக அங்கேதான் நடந்தார்.

நான்தான் நிறுத்தினேன். வேறொன்றுமில்லை டீச்சர், எதற்கும் ஒரு திட்டம் வேண்டுமல்லவா? உச்சி வெயிலில் இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் அம்மாவுக்குத் தலைசுற்றல் வரும். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் காற்று வீசும், வெளிச்சம் சாயும், பார்க்க அழகாக இருக்கும். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவதுதான் முறை. மூன்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா ராட்டினத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சாயங்காலம் வானம் எப்படி இருக்குமோ பாப்பா" என்றார். "கோபிநாத் அண்ணனே தெளிவா இருக்குன்னு சொல்லலையா?" என்று கேட்டேன். என் பேச்சுதான் எடுபட்டது.

ஆகவே பொம்மை ரயில், டேஷிங் கார், பேய் பங்களா. பேய் பங்களாவில் அம்மா சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த பிள்ளைகளுக்குப் பயமே போய்விட்டது. சரியாக மூன்று மணிக்கு ராட்டின வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு முப்பது பேர் இருக்கும். மூன்று பத்துக்கு, எங்கேயோ மேற்கே, வயிறு உருளுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்! உடனே ஒரு விசில்.

ராட்டினத்தை ஓட்டுகிற பெண் இருக்கிறாளே, அவள் பெயர் வளர்மதி. என் வயதுதான் இருக்கும், சட்டையில் பெயர் குத்தியிருந்தது. விசிலை ஊதிவிட்டு வரிசையின் குறுக்கே சங்கிலியை மாட்டிவிட்டாள். பிறகு ஒவ்வொரு கூண்டாகக் கீழே கொண்டுவந்து ஆட்களை இறக்கினாள். இருபத்துநாலு கூண்டு. கடைசிக் கூண்டு காலியாகிறவரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் சாக்பீஸால் எழுதினாள்: "கடைசி இடி 3.10."

"இது என்ன?" என்று கேட்டேன்.

"இடி கேட்டா அரைமணி நேரம் யாரையும் மேல ஏத்த மாட்டோம்க்கா. நடுவுல இன்னொண்ணு கேட்டா, அதுலருந்து மறுபடி அரைமணி நேரம்."

"மழையே வரலையே?"

"மழைக்கு நிறுத்தலைக்கா. இடிக்கு."

"இடி எங்கேயோ இடிக்குது. ராட்டினம் இங்க இருக்கு."

"அங்க இருக்கிறது இங்க வர்றதுக்கு டிக்கெட்டா எடுக்கப்போவுது?" என்றாள். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு அவள் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா?

"டேஷிங் கார் மட்டும் எப்படி ஓடுது?"

"அது தரையில ஓடுது, மேல கூரை இருக்கு."

"பட்டையில அனைத்து விளையாட்டுகளும்னு எழுதியிருக்கே!"

"கீழ சின்ன எழுத்துலயும் ஒரு வரி இருக்கும் பாருங்க."

இருந்தது, டீச்சர். எறும்பு ஊர்ந்த மாதிரி. "வானிலை காரணமாக விளையாட்டுகள் நிறுத்தப்படலாம்." அதையும் விடவில்லை. வானிலை என்றால் எந்த வானிலை? யார் முடிவு செய்வது? எந்த அதிகாரத்தில்? பின்னால் நின்ற ஒரு பையன், "அக்கா, நீங்க வக்கீலா?" என்றான். இன்னொருவன், "வக்கீல் இல்லடா, ஜட்ஜு" என்றான். ஆனால் கைதட்டினார்கள். மொத்த வரிசையும் என் பக்கம் வந்துவிட்டது.

என் பக்கம் வராத ஒரே ஆள் என் அப்பாதான்.

அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆரோக்கியம், பாத்தியா? ஒவ்வொரு கூண்டா எறக்குனா. ஒருத்தரையும் மேல வுடல" என்று அம்மாவிடம் சொன்னார். "ரூல் போட்டு வச்சிருக்கான் பாரேன்" என்றார். எனக்கு எப்படி இருக்கும்? நான் இவருக்காகத் தொண்டை வறளப் பேசுகிறேன், இவர் எதிரணிக்குத் தலையாட்டுகிறார்! பயந்த சுபாவம், டீச்சர். இத்தனை வருஷம் யார் என்ன சொன்னாலும் "சரி தம்பி" என்று சொல்லியே பழகிவிட்டது. அதனால்தான் நான் இவ்வளவு பேசவேண்டியிருக்கிறது.

3.24க்கு ஒன்று. சிலேட்டை அழித்து எழுதினாள். 3.51க்கு ஒன்று. மறுபடி அழித்து எழுதினாள். வரிசை பாதியாகக் கரைந்துவிட்டது. "ஏங்க்கா, தொறந்துவிட்டா எனக்கு மட்டும் கசக்குமா? சும்மா நிக்கிறதுக்குத்தான் காலு வலிக்குது" என்றாள் வளர்மதி. "அப்ப திற!" என்றேன். "என் கையில இல்லக்கா. சிலேட்டுகிட்ட சண்டை போடுங்க" என்றாள். திமிர்தானே இது?

4.15 ஆனது. 4.18. ஒரு சத்தமும் இல்லை. 4.21க்குத் திறக்க வேண்டும். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். வளர்மதி சங்கிலியின் கொக்கியில் கை வைத்துவிட்டாள். நான் அந்த நேரத்தையும் வீணாக்கவில்லை. இவ்வளவு நேரம் நிற்கவைத்ததற்கு எங்களை இரண்டு சுற்று விடவேண்டும் என்று அவளிடம் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"பாப்பா," என்றார். என்னை இல்லை, அவளை! என்னைக் கூப்பிடுகிற அதே பாப்பா. "இப்ப ஒண்ணு கேட்டுச்சு. நீ கவனிக்கல, எங்க பாப்பா பேசிட்டிருந்துச்சு. வெட்டு வந்து இருபத்தேழு எண்ணுனேன், அப்புறந்தான் சத்தம். ஒம்பது கிலோமீட்டர்ல இருக்கு. எழுதிக்க."

வளர்மதி அவரைப் பார்த்தாள். "நெசமாவா ஐயா?"

"நெசந்தான். நாலு இருவது."

கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். சிலேட்டை அழித்தாள். "கடைசி இடி 4.20."

நீங்களே சொல்லுங்கள் டீச்சர். வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். அவளுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை, அங்கே நின்ற பதினைந்து பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் அம்மா மேலே இருந்திருப்பார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிற வழக்கம் இவருக்கு வேலையில் வந்தது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து இங்கேயா காட்டுவது? பையன்கள், "பெருசு, யார் பக்கம்யா நீ?" என்று ஊளையிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்ண?" என்றேன்.

"அது மேல ஏத்திவிடுற பொண்ணு பாப்பா. அதுக்குத் தெரியாம இருக்கக்கூடாது" என்றார்.

அம்மா செருகிய தலைப்பை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

சரி, இன்னும் அரைமணி நேரம்தானே, நாலு ஐம்பது வரை நிற்போம் என்று நின்றோம். 4.35க்கு அப்பாவின் போன் அடித்தது. கோபிநாத் அண்ணன். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "அண்ணே, லீவுல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. துவரங்குறிச்சி மலையடி சைட் டவுன். அடிச்ச காத்துல தட்டு திரும்பிருச்சு போல. அதை நம்பி இருக்குற ஏழெட்டு டவரும் செத்துக் கிடக்கு. மேலருந்து எனக்குப் போன் மேல போன் வருது. மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வந்துரும்."

"மழை எப்படி தம்பி அங்க?"

"மழை பரவாயில்லண்ணே. இடிதான் கொஞ்சம் இருக்கு. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுரும்."

"சரி தம்பி" என்றார் அப்பா.

கோபிநாத் அண்ணனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கும் மேலே இருந்து அழுத்தம். அவசரம் என்றால் அவசரம்தானே? அதனால் அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கோபமெல்லாம் குதூகலபுரி மேல்தான். நேராக அவர்களுடைய அலுவலகத்துக்குப் போய், புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே அரைப் பக்கம் எழுதினேன். அங்கிருந்த மேலாளரிடம், "உங்களை நான் சும்மா விடமாட்டேன், உங்கள் வாசல்படியை இனி மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆள் முகத்தை நான் மறக்க மாட்டேன். அவரும் என் முகத்தை மறந்திருக்க மாட்டார்.

வாசலுக்கு வந்து பஸ் ஏறி உட்கார்ந்ததும் அம்மாதான் முதலில் பார்த்தார். "சுத்துது" என்றார். மதிலுக்கு மேலே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. நாலைந்து கூண்டில் ஆள். மணி பார்த்தேன், நாலு ஐம்பத்திரண்டு. நாங்கள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தது போல! அப்பா தன் கடிகாரத்தைப் பார்த்தார். "சரியா அரைமணி நேரம். கணக்குத் தப்பாம தொறந்துட்டா" என்றார். சிரித்த முகமாக வேறு சொன்னார். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "உச்சிக்குப் போனதும் ஒரு நிமிசம் நிறுத்துறாங்க போல, பாருங்க" என்றார். வையம்பட்டி வந்ததும் மரம் மறைத்துவிட்டது.

மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் வேன் நின்றது. அப்பா அப்படியே ஏறிப் போனார். பச்சைப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் போனை எடுத்து உட்கார்ந்தேன். சூடு ஆறுவதற்குள் விரிவான புகாரை அனுப்பிவிட வேண்டும் அல்லவா? பதினோரு பத்தி. "ஒரு சாதாரண இடிச் சத்தத்தைக் காரணம் காட்டி" என்று ஒரு வரி. "தேவையற்ற அச்சத்தை உண்டாக்கி" என்று ஒரு வரி. நல்ல வரிகள், டீச்சர். எழுதி முடித்து அனுப்பினால் போகவில்லை. சிக்னல் இல்லை. ஒரு கம்பிகூட இல்லை. ஜன்னலோரம், மாடிப்படி, எங்கே போய் நின்றாலும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. துவரங்குறிச்சிப் பக்கம் மின்னல் வெட்டி வெட்டி விழுந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு குடிமகள் ஒரு புகாரை அனுப்ப முடியவில்லை என்றால் என்ன நாடு இது?

அம்மா அரிசியைக் களைந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் போன். வெளிச்சம் வெட்டினால் விரலை மடக்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று... சத்தம் கேட்டதும் நிறுத்துகிறார். அப்பாவிடம் எப்போது கற்றுக்கொண்டாரோ தெரியவில்லை. ஒருமுறை நான் பார்த்தபோது நாலு விரல்தான் மடங்கியிருந்தது.

ஏழு மணி ஐந்து நிமிஷம். அம்மா திடுக்கென்று நிமிர்ந்தார். "ஜெசி, கம்பி வந்துருச்சு."

என் போனையும் பார்த்தேன். நாலு கம்பி! புகார் சட்டென்று போய்விட்டது. "போயிருச்சும்மா! போயிருச்சு!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தட்டைத் திருப்பிட்டாரு. இன்னும் எறங்கணும்" என்றார்.

ஏழு இருபத்தைந்துக்குப் போன் வந்தது. "இறங்கிட்டேன்." அம்மா "ம்" என்றார். பிறகு, வழக்கமில்லாமல், அப்பா அழைப்பைத் துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்தார்.

அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். அந்த வேலை செய்கிறவர்கள் இடுப்பில் மாட்டுகிற பெல்ட் உரசி இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. கையில் பச்சைப் பட்டை அப்படியே இருந்தது. "அனைத்து விளையாட்டுகளும்." கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். "இருக்கட்டும் பாப்பா, காலையில வெட்டிக்கலாம்" என்றார். காலையிலும் வெட்டவில்லை. இன்றுவரை கட்டிக்கொண்டேதான் வேலைக்குப் போகிறார். கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கு" என்பார்.

நான் விடவில்லை. நினைவூட்டல் ஒன்று, அதற்கு நினைவூட்டல் ஒன்று. எழுத்து மூலம் பதில் வேண்டும், தபாலில் வேண்டும் என்று கேட்டேன். போன சனிக்கிழமை வந்தது. அப்பா வீட்டில் இருந்தார். அம்மா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தேன். அவர்கள் தப்பை அவர்கள் வாயாலேயே கேட்கட்டும் என்றுதான்.

முதல் பத்தியே எனக்கு எரிச்சல். "எங்கள் பணியாளர் கவனிக்கத் தவறிய இடியோசையைத் தங்கள் தந்தையார் உடனே தெரிவித்து உதவியமைக்கு நன்றி." பார்த்தீர்களா தந்திரத்தை? அந்த வளர்மதி தன் தவறைத் தானே போய்ச் சொல்லியிருக்கிறாள். அதை வைத்தே எங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாம் பத்தி இன்னும் மோசம். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "இடி மின்னல் நேரத்தில் தரைமட்டத்துக்கு மேல் எவரையும், வருகையாளரானாலும் எங்கள் ஊழியரானாலும், அனுப்புவதில்லை. பழுது எவ்வளவு அவசரமாயினும், கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை பராமரிப்பு ஊழியரும் மேலே ஏறக் கூடாது. இவ்விதியை மீறி ஏறுமாறு கட்டளையிட மேலாளருக்கும் அதிகாரம் இல்லை."

"அந்த வரிய இன்னொருக்கா வாசி" என்றார் அப்பா.

வாசித்தேன்.

"கடைசி வரி மட்டும்."

மறுபடி வாசித்தேன். உள்ளே காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அம்மா கத்தியோடு கதவருகில் வந்து நின்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் இவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்தது நுகர்வோர் மன்றம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இதோ, வந்துவிட்டது நிறுத்தம். மதிலுக்கு மேலே தெரிகிறதே, அதுதான் ராட்டினம். சுற்றுகிறது பாருங்கள், இன்றைக்கு வானம் தெளிவு. ஆமாம் டீச்சர், நானும் இங்கேதான் இறங்குகிறேன். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன அதே வாசல்படிதான். இல்லை, இந்த ஃபைலில் இருப்பது புகார் இல்லை. அந்த மேலாளர் முகத்தில் எப்படி விழிக்கப்போகிறேன், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கப்போகிறேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. எனக்கே வரவில்லை.

அன்றைக்கு அப்பாவைப் பார்த்து நான் கேட்டேன்: "இப்பவாவது சொல்லுப்பா. இவங்க செஞ்சது நியாயமா, அநியாயமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அப்பா மணிக்கட்டில் அந்தப் பட்டையை ஒரு சுற்று திருப்பினார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னிடம், கோபிநாத் அண்ணனிடம் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னார்:

"பாப்பா, அங்க நட்டு முடுக்குறதுக்கு ஆளு எடுக்குறாங்களான்னு கொஞ்சம் கேட்டுப் பாக்குறியா?"